காத்திருக்கும் வலு: கம்பம் பள்ளத்தாக்குச் சிறுதொழில்களின் வளர்ச்சிக் கணக்கு

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள சமவெளியில் ஏலச்செடி கிடையாது. அந்த வெயில் அதற்கு ஆகாது. காய் விளைவது மேற்கே, போடிமெட்டு ஏறித் தாண்டினால் வரும் இடுக்கி மாவட்டத்து மலைகளில். இந்தியாவின் சிறு ஏலக்காயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் காய்க்கு விலை சொல்லும் மின்னணு ஏலம் முதலில் வந்தது மலைக்குக் கீழே, போடியில், 2007-ல். இடுக்கியின் புற்றடிக்கு அதே வசதி 2010-ல்தான் போய்ச் சேர்ந்தது. ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் இன்றும் இந்த இரண்டு ஊர்களின் ஏலத்தைப் பார்த்துத்தான் நாடு முழுவதும் ஏலக்காய் விலை பேசப்படுகிறது.

விளையாத ஊர் எப்படி விலை பேசும் ஊரானது? சிறுதொழில் வளர்ச்சியைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடக்கேள்வி தேனி மாவட்டத்தில் இல்லை. வழக்கமாக வளர்ச்சி என்றால் நம் ஊரில் எண்ணப்படுவது இன்னொரு கடை, இன்னொரு மெஷின், இன்னொரு லோன். விற்றுமுதல் கூடினால் தொழில் வளர்ந்துவிட்டது என்று கணக்கு. போடியின் கதை வேறு ஒன்றைக் காட்டுகிறது. சரக்கு கைக்கு வந்த அன்றே விற்றாக வேண்டிய கட்டாயத்திலிருந்து எவர் விடுபட்டாரோ அவரே இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்திருக்கிறார். காத்திருக்கும் வலுவை ஒரு தொழில் எப்படிச் சம்பாதிக்கிறது, எங்கே இழக்கிறது என்று பார்த்தாலே அதன் வளர்ச்சி வியூகத்தில் பாதி தெரிந்துவிடும்.

முதலில் காயிடமிருந்தே தொடங்கலாம். செடியிலிருந்து எடுத்த பச்சைக் காய் இரண்டு நாள் தாங்காது. அதைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது உலர்த்தும் அறையில், 45 முதல் 55 டிகிரி வரையான மிதச் சூட்டில் ஒரு நாளுக்கும் மேல் காயவைக்கிறார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்காய். காய்ந்ததும் காம்பும் வாலும் உதிரத் தேய்த்து, கருப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டிவிட்டால் அதே காய் மாதக்கணக்கில் இருக்கும். அந்த ஒரு நாள் சூடுதான் விவசாயியின் கையில் காலத்தைக் கொடுக்கிறது. அதன் பிறகு அவர் விற்கலாம், வைத்திருக்கலாம், பாதியை விற்றுப் பாதியை வைத்திருக்கலாம்.

மலையில் உலர்ந்த காய் கீழே வந்ததும் போடியின் வேலை தொடங்குகிறது. சல்லடையில் ஏழு மில்லி, எட்டு மில்லி என்று பருமன் வாரியாகப் பிரியும். பிறகு பெண்கள் உட்கார்ந்து வெடித்த காய், வெளிறிய காய், பூச்சி அரித்த காய் என்று கையால் பொறுக்கி எடுப்பார்கள். இப்போது பல இடங்களில் கலர் சார்ட்டர் வந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் பார்வை கண்ணுக்கும் விரலுக்கும்தான். ஒரே மூட்டையாக வந்த சரக்கு மூன்று நான்கு தரமாகப் பிரிந்ததும் மூன்று நான்கு விலை கிடைக்கிறது. பெரிய பச்சைக் காய் வளைகுடாவுக்கும் வடநாட்டு மிட்டாய்க் கடைக்கும் போகும். சிறுத்த காய் உள்ளூர் மளிகைக்கு, வெடித்தது மசாலா அரைவைக்கு. ஒரு கிலோ காயைக்கூடக் கூடுதலாக விளைவிக்காமல், பிரிப்பதால் மட்டுமே மதிப்பைக் கூட்டியிருக்கிறார்கள். போடியின் சிறு வியாபாரக் குடும்பங்கள் வளர்ந்த வழிகளில் முதன்மையானது இந்தத் தரம் பிரிப்புதான் என்பது என் கணிப்பு.

ஏலமுறையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. உரிமம் பெற்ற ஏல நிறுவனத்தில் தோட்டக்காரர் சரக்கைப் பதிகிறார். வியாபாரிகளுக்கு மாதிரி போகிறது. கணினித் திரையில் விலை ஏறுகிறது. கேட்ட விலை பிடிக்கவில்லையென்றால் அவர் சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அன்றன்றைய ஏல அறிக்கையில் வந்த அளவும் விற்ற அளவும் வெவ்வேறாக இருப்பதற்கு இதுவும் காரணம். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகும் விவசாயிக்குக் கனவில்கூட இல்லை. இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஏலத்தில் எடுத்த காயையே மறுபடி ஏலத்தில் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்பது தோட்டக்காரர்களின் நெடுநாள் புகார். விற்றுமுதல் பெருத்துத் தெரியும்; சரக்கு ஒரு கிலோ கூடியிருக்காது.

காத்திருப்பதும் பதுக்குவதும் ஒன்றல்ல என்பதை 2019 கற்பித்தது. முந்தைய ஆண்டுப் பெருமழையும் வெள்ளமும் இடுக்கித் தோட்டங்களை அழித்திருந்தன. அடுத்து வந்த வறட்சி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. அந்த உச்சத்தைப் பார்த்து இன்னும் ஏறும் என்று வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. 2020 ஊரடங்கில் ஏலமே நின்றுபோனது. 2021-ல் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்றது. ஏழாயிரத்துக்கு வாங்கியவர் ஆயிரத்துக்கு விற்க நேர்ந்தால் அதற்குப் பெயர் காத்திருப்பு இல்லை, மாட்டிக்கொள்வது. இரண்டுக்கும் வித்தியாசம் கடனில் இருக்கிறது. சொந்தக் காசில் சொந்தக் காயை வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்குக் காத்திருக்கிறார். வட்டிக் காசில் வாங்கி வைத்தவருக்கு வட்டி காத்திருக்க விடாது. எவ்வளவு நாள் பொறுக்க முடியும் என்பதைச் சரக்கின் ஆயுள் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்குக் கொடுத்த பணத்தின் ஆயுளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதை மறந்த வளர்ச்சித் திட்டம் எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டாலும் ஆபத்துதான்.

ஏலக்காய்க்கு நேர் எதிர்முனையில் நிற்பது பன்னீர் திராட்சை. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம் பக்கம் போனால் பந்தல் பந்தலாகத் தெரியும். பெரியாறு அணை கட்டி 1895-ல் திறந்துவிட்ட தண்ணீர் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரை இருபோக நிலமாக்கியது பலருக்கும் தெரிந்த வரலாறு. திராட்சை அந்த நெல் வயல்களை ஒட்டிய தோட்டக்கால்களில் வளர்ந்த பயிர். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகந்தான் நம் ஊரில் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திராட்சை வந்தது என்பது புவிசார் குறியீட்டு விண்ணப்பத்தோடு சொல்லப்பட்ட வரலாறு. அந்தக் குறியீடு 2023-ல் கிடைத்தது. வடக்கே ஆண்டுக்கு ஒரு அறுவடை பார்க்கும் இடங்களுக்கு நடுவே, கவாத்தை முன்பின்னாக மாற்றி இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கும் தனிச்சிறப்பு கம்பத்துக்கு உண்டு. ஆண்டு முழுக்கப் பழம் இருக்கும் என்பதே இதன் பெருமை.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதே பெருமைதான் பலவீனமும். பழுத்த குலை பந்தலில் அதிக நாள் நிற்காது. வெட்டினால் சாதாரண வெப்பத்தில் சில நாளில் காம்பு காய்ந்து மணி உதிரும். மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஆகவே வியாபாரி தோட்டத்துக்கே வந்து என்ன விலை சொல்கிறாரோ அதுதான் விலை. பன்னீர் திராட்சையில் விதை உண்டு. விதையில்லாத ரகத்தைப் போல உலர்திராட்சைச் சந்தைக்கு எளிதில் போகாது. ஒயினாக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஒரே ஒரு வாங்குபவரை நம்பி ஒரு சிறு ஆலை வைப்பது, பத்து வியாபாரிகளில் ஒருவரிடம் மாட்டுவதைவிட இறுக்கமான மாட்டல். மிச்சம் இருப்பவை பழச்சாறும் ஜாமும் குளிர்பதனமும்.

புவிசார் குறியீடு வந்ததும் விலை ஏறும் என்று எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. குறியீடு பெயரைக் காக்கும், பழத்தைக் காக்காது. மதுரை மாட்டுத்தாவணியிலோ எர்ணாகுளத்திலோ தள்ளுவண்டியில் பழத்தைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது சுருளிப்பட்டிப் பழமா வேறு ஊர்ப் பழமா என்று தெரியாது. தோட்டத்திலேயே தரம் பிரித்து, முன்குளிரூட்டி, பெட்டியில் பெயரோடு அடைத்து அனுப்பும் ஒரு சிறு நிறுவனம் நடுவில் வந்தால்தான் குறியீடு காசாகும். அப்படி ஒன்று வளர்வதற்கு முதல் தேவை விளம்பரமல்ல, நான்கு நாள் ஆயுளைப் பதினைந்து இருபது நாளாக நீட்டும் ஒரு குளிரறையும் அதன் கரண்ட் பில்லைக் கட்டும் அளவுக்கு ஆண்டு முழுக்கச் சரக்கும். இந்தியாவில் வேறெந்தத் திராட்சை வட்டாரத்திலும் இரண்டாவது நிபந்தனை இவ்வளவு எளிதில் நிறைவேறாது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடும் குளிரறைக்கும் ஆண்டு முழுக்க ஓடும் குளிரறைக்கும் கிலோவுக்கு விழும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கம்பம் விவசாயிகளிடம் இருக்கும் பயன்படுத்தாத சொத்து இதுதான் என்பேன்.

மூன்றாவதாக முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தெரிந்தெடுத்து 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை ரகம் ஆண்டிபட்டி வறட்சிக் காட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது. மரமுருங்கை போலக் குச்சி நட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விதை போட்டு ஆறு ஏழு மாதத்தில் காய். பெரியகுளத்தின் பெயரைத் தாங்கிய அந்த விதை இன்று ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய் வரும்; அப்போது சந்தையில் கட்டு என்ன விலைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாண சீசனில் கிலோ நூறைத் தாண்டும் காய், வரத்துக் காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே முற்றும்.

இங்கே ஒரு சுவாரசியமான திருப்பம். செடியில் முற்றிய காய் வீண் இல்லை, விதையாகிறது, விதை எண்ணெயாகிறது. இலையை நிழலில் உலர்த்தினால் பொடி. காய் சில நாள் தாங்கும், பொடி பல மாதம் தாங்கும், விதை அதற்கும் மேல். ஏலக்காயில் ஸ்டோர் செய்த வேலையை முருங்கையில் உலர்த்திக்கூடம் செய்கிறது. தமிழக அரசு தேனி உட்பட ஏழு மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்து மதுரையைத் தலைமையிடமாக வைத்தது. அதன்பின் பொடித் தொழிலில் பலர் இறங்கினார்கள். அவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஐரோப்பா, அமெரிக்கா என்று கனவு கண்டார்கள்.

அந்தக் கனவில் உள்ள பிழையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கருவி உதவும். 1957-ல் இகோர் ஆன்சாஃப் என்ற மேலாண்மை அறிஞர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வளர்ச்சி வழிகளை நான்காகப் பிரித்தார்: இருக்கும் பொருளை இருக்கும் சந்தையில் கூடுதலாக விற்பது, இருக்கும் பொருளைப் புதுச் சந்தைக்குக் கொண்டுபோவது, இருக்கும் சந்தைக்குப் புதுப் பொருள் கொடுப்பது, புதுப் பொருளைப் புதுச் சந்தையில் விற்பது. கடைசி வழியில்தான் ஆபத்து மிகுதி, ஏனென்றால் பொருளும் தெரியாது, ஆளும் தெரியாது. காய் விற்றுக்கொண்டிருந்த ஆண்டிபட்டி விவசாயி பொடி ஏற்றுமதியில் நேராகக் குதிப்பது அந்த நான்காவது வழி. பூச்சிமருந்து எச்சச் சோதனை, நுண்ணுயிர்ச் சோதனை, ஆர்கானிக் சான்று, கப்பல் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வரும் பணம் என்று ஒவ்வொன்றும் மாதக் கணக்கில் காசை முடக்கும். போடிக்காரர்களுக்கும் இந்த அடி புதிதல்ல. 2018-ல் சவூதி அரேபியா மருந்து எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயைத் தடுத்தது. உள்நாட்டுச் சந்தை பெரிது என்பதால் ஏலக்காய் தாக்குப்பிடித்தது. தன் நாட்டில் ஏலக்காயைச் சாப்பிட ஆளில்லாத குவாத்தமாலா, விளைவதை அனேகமாக முழுதும் அயலாருக்கே விற்கிறது. அந்த நிலை நமக்கு இல்லை. முருங்கைப் பொடிக்கு உள்நாட்டுச் சந்தை இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே முதலில் மதுரை, கோவை, சென்னையில் பொடிக்கு ஆள் பிடித்துவிட்டுக் கப்பலேறுவதே நிதானமான வரிசை.

இனி கணக்கு. ஒருவர் 90 ரூபாய்க்குச் சரக்கெடுத்து, பக்குவம் செய்து, 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் பத்தில் வீட்டுச் செலவுக்கு நாலு போக, தொழிலுக்குத் திரும்புவது ஆறு. ரொக்கம் கொடுத்து வாங்கிய சரக்கு 30 நாள் இருப்பில் நிற்கிறது. கடைக்காரர் பணம் தர 45 நாள். ஆக 75 நாளுக்கு ஒரு சுற்று, ஆண்டுக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் 90 ரூபாய் முதல் 96 ஆகிறது. இதே வேகத்தில் போனால் ஆண்டு முடிவில் முதல் ஏறக்குறைய 37 சதவீதம் கூடியிருக்கும். அதாவது கடன் வாங்காமல் அவர் வளரக்கூடிய உச்ச வேகம் அதுதான்.

இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று ஆர்டர் கொடுக்கிறது. ஆனால் பணம் மூன்று மாதம் கழித்து. சுற்று 120 நாளாகிறது. லாப விகிதம் மாறவில்லை, அதில் வீட்டுக்கு எடுக்கும் பங்கும் மாறவில்லை, ஆனால் வளரும் வேகம் 22 சதவீதமாக இறங்கிவிடும். அதே மனிதர் இருப்பைப் பதினைந்து நாளாகவும் கடனை முப்பது நாளாகவும் குறைத்தால் சுற்று 45 நாள், வேகம் 69 சதவீதம். விலையை ஒரு பைசா ஏற்றாமல் மும்மடங்கு வித்தியாசம். நீல் சர்ச்சில், ஜான் முல்லின்ஸ் என்ற இருவர் 2001-ல் இந்தக் கணக்கை முறைப்படுத்தி எழுதினார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்பே நம் மளிகைக்கடைக்காரர்கள் ‘கைச்சரக்கு எத்தனை நாள், கைக்காசு எத்தனை நாள்’ என்று இதைப் பேசித்தான் வந்திருக்கிறார்கள். பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கந்துவட்டிக்குப் போய் ஒரு வருடத்தில் கடையை மூடியவர்கள் எந்தச் சந்தைத் தெருவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் தொழில் நஷ்டத்தில் மூடியதல்ல. லாபத்தில் இருக்கும்போதே காசில்லாமல் மூடியது.

காத்திருக்கும் வலுவே இல்லாமல் போனால் என்னவாகும் என்பதற்கு ஆண்டிபட்டியை ஒட்டிய டி.சுப்புலாபுரத்து விசைத்தறிகளைப் பார்க்கலாம். தறி நெசவாளர் வீட்டில் இருக்கும். நூல் அவருடையது இல்லை. நூலைக் கொடுப்பவர் சேலையை எடுத்துக்கொண்டு கூலி தருகிறார். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெசவாளருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆகவே அவர் வளர்வதற்கு ஒரே பேச்சு கூலி ஒப்பந்தம்தான். இன்னொரு தறி போட்டால் வேலை கூடும், விலை பேசும் அதிகாரம் கூடாது. நூலைச் சொந்தமாக வாங்கப் பத்து நெசவாளர் சேர்ந்தால் மட்டுமே கூலிக்காரர் வியாபாரியாக மாற முடியும். இயந்திரத்துக்குச் சொந்தக்காரராக இருப்பதும் தொழிலுக்குச் சொந்தக்காரராக இருப்பதும் வேறு வேறு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பின்னர் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, சரக்கு வாங்கியவர் அதைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் மட்டுமே உண்டு. முருங்கைப் பொடி அரைப்பவர் உத்யம் என்ற குறு, சிறுதொழில் பதிவைச் செய்திருந்தால் 45 நாள் கேட்கலாம், முருங்கைக்காய்க் கமிஷன் கடைக்காரர் கேட்க முடியாது. பொருளைப் பக்குவம் செய்வதால் ஆயுள் கூடுகிறது, தரம் கூடுகிறது என்று பார்த்தோம். சட்டத்தின் கண்ணிலும் அப்போதுதான் அவர் உற்பத்தியாளர். இருந்தும் புகார் கொடுப்பவர் குறைவு. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று தெரிந்தவர்தான் அதிகம்.

அதனால் சிறுதொழில்காரர் தன் கையில் உள்ளவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. விவசாயியாக இருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். அறுவடை நாளில் விற்காமல் இருக்க அது உதவும். தயாரிப்பாளராக இருந்தால் வாடிக்கையாளரைப் பெரியவர், சிறியவர் என்று பிரிப்பதைவிட, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பிரித்து வைத்துக்கொள்வது பயன் தரும். முப்பது நாளில் தருகிற இருபது மளிகைக் கடைகள், தொண்ணூறு நாளில் தருகிற ஒரு பெரிய சங்கிலிக் கடையைவிட அவரை வேகமாக வளர்க்கும். பெரிய கடையை விட வேண்டியதில்லை; மொத்த விற்பனையில் அதன் பங்கைக் கட்டுக்குள் வைத்தால் போதும்.

அரசின் மானியத் திட்டங்கள் இந்தக் கணக்கை அனேகமாகக் கண்டுகொள்வதில்லை. 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் தனிநபர் நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்ச ரூபாய் மானியம் உண்டு. அது இயந்திரத்துக்கும் தளவாடத்துக்கும் போகிறது. அதே திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் விதைமூலதனம் உண்டு. அதை நடைமுறை மூலதனமாகப் பயன்படுத்தலாம். பொடி மில் வைத்த தனிநபருக்கு அந்த வாசல் இல்லை. ஆகவே மானியத்தில் வந்த அரைவை மெஷினை வருடத்தில் நான்கு மாதம் ஓட்டிவிட்டு, இலை வாங்கக் காசில்லாமல் மூடி வைத்திருக்கும் கூடங்கள் வியப்புக்குரியவை அல்ல. வங்கிக்கு எடுத்துப்போகும் திட்ட அறிக்கையில் மெஷின் விலைப்பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளலாம்: சரக்கு எத்தனை நாள் கையில் நிற்கும், காசு எத்தனை நாள் வெளியில் நிற்கும். கடன் தொகையை அந்த நாள்களின் கூட்டிலிருந்து கணக்கிட்டு, இயந்திரக் கடனோடு சேர்த்து நடைமுறை மூலதன வரம்பையும் அன்றே கேட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காதென்றால் மெஷினைச் சின்னதாக வாங்குவதே மேல்.